வண்டியில் வராத கீரை

பிரேசர் டவுன் என்று சொன்னால் பெங்களூருக்காரர்களுக்குக் கீரை நினைவுக்கு வராது. ரமலான் மாதத்து மாஸ்க் ரோடு, ஹலீம், சீக் கபாப், 1902 முதல் அடுப்பு அணையாத ஆல்பர்ட் பேக்கரி, ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு நிற்கும் வரிசை, இவைதான் வரும். ஆனால் அதே தெருக்களில் காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தால் இன்னொரு பிரேசர் டவுன் கண்ணில் படும். ஈரச்சாக்கு போர்த்திய தள்ளுவண்டியில் மெந்தியம், பாலக், தண்டுக்கீரை, சப்சிகெ என்ற சதகுப்பைக் கீரை, கொத்தமல்லி, புதினா. "சொப்பு, சொப்பு" என்று கன்னடத்தில் கூவி, தமிழில் பேரம் பேசி, உருதுவில் மிச்சச் சில்லறை கொடுக்கும் வியாபாரம் அது.

இந்த வண்டியை மனதில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக் கீரைத் தோட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். மாடித் தோட்டம் போடச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த வண்டியை மறந்துவிடுகிறார்கள். பத்துப் பை, ஒரு மண்வெட்டி, நாலு விதைப் பொட்டலம் வாங்கினால் குடும்பத்துக்கு வேண்டிய கீரை முழுவதும் மாடியிலிருந்தே இறங்கிவிடும் என்பது அவர்கள் தரும் வாக்குறுதி. கணக்குப் போட்டால் அது நிற்காது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் கீரை என்று பரிந்துரைத்திருக்கிறது. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 146 கிலோ ஆகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 3 என்ற கிள்ளுக்கீரை ரகத்தை எடுத்துக்கொள்வோம். விதைத்த இருபதாம் நாள் கிள்ளத் தொடங்கி மூன்று மாதத்தில் பத்து முறை கிள்ளலாம். ஹெக்டேருக்கு ஏறத்தாழ 30 டன் மகசூல். சதுர மீட்டருக்கு மூன்று கிலோ என்று வருகிறது. வருடம் நாலு போகம் தவறாமல் எடுத்தாலும் 12 கிலோதான். ஆக அந்த வீட்டுக்கு 130 சதுர அடி பாத்தி வேண்டும். அதுவும் பண்ணைக் கணக்கு. எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போவது, இலையின் அடியில் வெள்ளைப் புள்ளி விழுவது, குடும்பம் ஊருக்குப் போன ஒரு வாரம் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் போவது இவையெல்லாம் சேர்ந்தால் பாதிதான் கைக்கு வரும். அப்போது 260 சதுர அடி. இருபதுக்கு முப்பது மனையில் கட்டிய வீட்டின் மாடியில் தண்ணீர்த் தொட்டி, சூரிய ஒளி வெந்நீர்க் கருவி, துணிக்கொடி, டிஷ் ஆன்டெனா போக எவ்வளவு மிஞ்சும் என்பது அந்த மாடிக்கு ஏறியவர்களுக்குத் தெரியும்.

இலங்கை அரசு 2022 ஜூன் மாதம் இதே கணக்கைப் பெரிய அளவில் போட்டுப் பார்த்தது. டாலர் இல்லை, உரம் இல்லை, பெட்ரோல் இல்லை என்ற நிலையில், அரசு ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளித்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னது. நூறு கிராம் கீரையில் கிடைப்பது முப்பது கலோரி சொச்சம். வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் கங்குனும் முற்றத்தில் எவ்வளவு தளதளவென்று வளர்ந்தாலும், சோற்றுப் பானைக்குள் போகும் அரிசியை அவை தருவதில்லை.

அப்படியானால் வீட்டுத் தோட்டம் வேண்டாமா? வேண்டும். என்ன வளர்ப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. முதல் முறை தொட்டி வைப்பவர்கள் பத்தில் எட்டுப் பேர் பாலக், கொத்தமல்லி, மெந்தியம் என்று ஆரம்பிப்பார்கள். மூன்றுமே வண்டியில் வருகின்றன. வண்டிக்காரம்மா அதிகாலையில் எழுந்து ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கோ கே.ஆர். மார்க்கெட்டுக்கோ போய், சுமந்து, தெருத்தெருவாகத் தள்ளி விற்பதற்குப் போட்டியாக, மாடியில் ஆறு வாரம் காத்திருந்து இரண்டு கட்டு மெந்தியம் எடுப்பதில் என்ன லாபம்?

வண்டியில் வராத கீரைகள் இருக்கின்றன. மணத்தக்காளி பறித்த அரை நாளில் தலை சாய்ந்துவிடும். முருங்கை இலை மறுநாளே மஞ்சளாகி உதிரும். கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, தூதுவளை, அகத்தி, தவசிக்கீரை, கற்பூரவல்லி எல்லாம் எப்போதாவது தலைகாட்டும், நம்பியிருக்க முடியாது. வாடும் வேகத்தாலும் குறைந்த கிராக்கியாலும் வியாபாரத்துக்கு ஒத்துவராத இவைதான் மாடிக்கு மிகவும் ஒத்துவருகின்றன. இவற்றில் பலவற்றுக்கு விதைப் பொட்டலம் தேவையே இல்லை என்பது கூடுதல் வசதி. பசலைக் கொடியில் ஒரு சாண் வெட்டி ஊன்றினால் வேர் விடும். பொன்னாங்கண்ணி கணுவுக்குக் கணு வேர் பிடிக்கும். முருங்கைக்கு ஒரு போத்து போதும். வல்லாரை தானே ஓடி ஓடிப் பரவும். காக்ஸ் டவுனிலோ ரிச்சர்ட்ஸ் டவுனிலோ எந்த வீட்டுச் சுவரில் பசலை தொங்குகிறது என்று பார்த்து, மணி அடித்துக் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். இணையத்தில் ஐம்பது ரூபாய்க்கு இருபது விதை விற்பவர்களுக்கு இதில் வேலை இல்லை.

முருங்கையை வீட்டு வாசலில் வைக்கக் கூடாது என்று பாட்டிமார் சொன்னதை மாடிக்கும் நீட்டிப் பயப்படுபவர்கள் உண்டு. இருநூறு லிட்டர் டிரம்மில் வைத்து, நாலடிக்கு மேல் விடாமல் வெட்டிக்கொண்டே இருந்தால், கிளைக்குக் கிளை துளிர்த்துக்கொண்டே இருக்கும். காய்க்காது. இலைக்காக வைத்ததுதானே! தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுப் பகுப்பாய்வு அட்டவணைப்படி நூறு கிராம் முருங்கை இலையில் 314 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, பாலக்கில் 82. இரும்பு முருங்கையில் நாலரை மில்லிகிராம், பாலக்கில் மூன்றுக்குச் சற்றுக் கீழ். பாலக்கில் ஆக்ஸலேட் மிகுதி என்பதால் இருக்கும் கால்சியத்திலும் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமல் போகிறது. கர்நாடகத்தில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் 47.8 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் 53.4. இந்த எண்களைக் கீரை மட்டும் மாற்றிவிடாது. ஆனாலும் பாலக் பனீருக்குப் போடும் காசில் கால்வாசியை முருங்கைக்குத் திருப்பலாம் என்பதற்கு இவை போதிய காரணம்.

வண்டிக் கீரையைப் பற்றிய ஒரு பயம் நியாயமானது. அது தண்ணீரைப் பற்றியது. பெங்களூரின் கழிவைச் சுமந்து ஓடும் விருஷபாவதியின் கரையிலும் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கீழ்ப்பகுதியிலும் காய்கறியும் கீரையும் விளைவது பல ஆண்டுகளாக நடப்பது. அங்கே விளைந்தவற்றில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். கீரைக்குச் சர்வதேச உணவுத் தரக் குழு வைத்திருக்கும் வரம்பு, கிலோவுக்கு ஈயம் 0.3 மில்லிகிராம், காட்மியம் 0.2 மில்லிகிராம். மற்றக் காய்களைவிடக் கீரை உலோகத்தை அதிகம் உறிஞ்சும். பூச்சிமருந்தின் ஒரு பகுதியாவது உப்புத் தண்ணீரில் போகும். வேர்வழி ஏறிய ஈயம் எந்தத் தண்ணீரிலும் போகாது. மாநகரின் சுத்திகரித்த கழிவுநீர் 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கும் போகிறது. அந்தப் பக்கத்து விளைச்சலும் நம் சந்தைக்குத்தான் வருகிறது.

இதற்கு மருந்தாக எல்லோரும் மாடிக்கு ஏறுங்கள் என்று சொல்வது அரசாங்கத்தைச் சுலபமாகத் தப்பவிடும் வழி. மாடி இல்லாதவர் என்ன செய்வார்? சந்தைக்கு வரும் கீரையை மாதாமாதம் சோதித்து, எந்தப் பகுதியிலிருந்து வந்தது, என்ன இருந்தது என்று கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் சந்தை வாசலில் எழுதிப்போட வேண்டியது மாநகராட்சியின் வேலை. வீட்டுத் தோட்டக்காரர்களும் தங்கள் தொட்டியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. இந்தியாவில் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு வந்ததே 2017-இல்தான். வீட்டில் கிடக்கும் பழைய பெயின்ட் டப்பாவில் கீரை விதைப்பவர்கள், சந்தைக் கீரையைப் பார்த்து மூக்கைச் சுளிக்க முடியாது.

காய்கறித் தோட்டம் இந்த ஊருக்குப் புதிதும் அல்ல, தமிழுக்குப் புதிதும் அல்ல. பெங்களூரின் ஏரிகளைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாகக் கீரையும் காயும் பூவும் விளைவித்தவர்கள் திகளர்கள். தமிழ் வேர் கொண்ட சமூகம். வன்னிகுல க்ஷத்திரியர் என்று தங்களை அழைத்துக்கொள்பவர்கள். தர்மராயசுவாமி கோயிலின் கரகத்தைத் தலையில் சுமப்பவர்கள். அவர்களுடைய தோட்டங்களுக்குத் தண்ணீர் கொடுத்த ஏரிகளில் ஒன்று சம்பங்கி. பங்களாவாசிகளுக்கு ஏரி நிரம்பினால் தொல்லை, தோட்டக்காரர்களுக்கு வற்றினால் தொல்லை. 1896-இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாயில் குடிநீர் வந்த பிறகு ஏரியைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் நகரத்துக்கு இல்லாமல் போயிற்று. ஏரி சுருங்கி மைதானமாகி, இன்று அந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. கரகச் சடங்குக்காக ஒரு சிறு குளம் மட்டும் மிச்சம். அதே ஹெசரகட்டாவில் இன்று இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அர்க்கா சுகுணா, அர்க்கா அருணிமா என்ற தண்டுக்கீரை ரகங்கள் அங்கிருந்துதான் வந்தன.

பிரேசர் டவுன் பிறந்ததும் இடம் சம்பந்தப்பட்ட கதைதான். 1898-இல் பிளேக் பெங்களூருக்குள் நுழைந்தபோது கன்டோன்மென்ட்டின் குறுகிய சந்துகளில் வீட்டுக்கு வீடு பிணம் விழுந்தது. நெரிசலைக் குறைக்கக் காற்றும் வெளிச்சமும் உள்ள புதிய பேட்டை வேண்டும் என்று 1906-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை வைத்தார்கள். இதை உருவாக்குவதில் முன்நின்ற ஜே.எச். ஸ்டீபன்ஸ், பிளேக் அண்டாத நகரமைப்பு என்ற பொருளில் 1914-இல் ஒரு நூலே எழுதினார். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி, முன்னால் ஒரு காம்பவுண்டு, அதில் மா, கொய்யா, கறிவேப்பிலை, ஒரு முருங்கை. பழைய ஓட்டுவீடுகளில் ஒன்றிரண்டு இன்னும் அப்படி இருக்கின்றன. மற்றவை நாலு மாடியாக எழுந்து, கார் நிறுத்தத்துக்காகச் சிமெண்ட் பூசிக்கொண்டுவிட்டன. புலகேசி நகர் என்று பெயரும் மாறியது. மண் என்று இனிமேல் ஒன்று இருந்தால் அது கூரை மேல்தான்.

கூரை மேல் மண் கொண்டுபோவதில் பலர் பார்க்க மறப்பது எடை. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 875 விதிப்படி ஆள் நடமாடும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ பாரம் என்று வைத்துக் கட்டிடம் வடிவமைக்கப்படுகிறது. செம்மண்ணை இருபது சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி மழையில் நனையவிட்டால் 350 கிலோவைத் தாண்டும். அதனால்தான் தென்னை நார்க்கழிவும் மட்கிய எருவும் பாதிக்கு மேல் கலந்து, கீரைக்குப் போதுமான பதினைந்து சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். தொட்டிகளை நடுத்தளத்தில் கூட்டாமல் சுவர் ஓரமாகவும் உத்தரம் போகும் கோட்டிலும் வைப்பது புத்திசாலித்தனம். அறுபது வருடத்து மெட்ராஸ் டெரஸ் கூரை உள்ள வீட்டில் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் எதையும் ஏற்றக் கூடாது.

அடுத்தது சாவி. பிரேசர் டவுனில் குடியிருப்பவர்களில் கணிசமானோர் வாடகைக்கு இருப்பவர்கள். மாடிக் கதவின் சாவி வீட்டுக்காரரிடம். கேட்டால் "கூரை ஒழுகும்" என்பார். ஒழுகும் என்ற பயம் பொய்யல்ல. பை நேராகத் தளத்தில் உட்கார்ந்து, வேர் விரிசலில் புகுந்தால் ஒழுகத்தான் செய்யும். இரண்டு செங்கல் உயரத்தில் பலகையோ இரும்புச் சட்டமோ போட்டு அதன் மேல் வைத்தால் அந்தச் சிக்கல் பெருமளவு தீரும். அடுக்ககங்களில் இந்த வழக்கே எழக்கூடாது: 1972-ஆம் வருடத்துக் கர்நாடக அடுக்கக உடைமைச் சட்டம் மொட்டை மாடியைப் பொதுப் பகுதிகளில் ஒன்றாகத்தான் சேர்த்திருக்கிறது. ஆனாலும் பூட்டு தொங்குகிறது. யோகா வகுப்புக்கும் பிறந்தநாள் விருந்துக்கும் திறக்கிற அந்தப் பூட்டு, ஒரு பாட்டி நாலு தொட்டி வைக்கக் கேட்டால் மட்டும் திறப்பதில்லை.

தண்ணீர் விஷயத்தில் மாடித் தோட்டக்காரர்களுக்கு உவப்பில்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2024 மார்ச்சில் பெங்களூரு வறண்டபோது குடிநீர் வாரியம் கார் கழுவ, தோட்டத்துக்கு ஊற்ற, கட்டிட வேலைக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம், தொடர்ந்தால் நாளுக்கு 500 ரூபாய் கூடுதல். புல்வெளியையும் கீரைத் தொட்டியையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று அப்போது பலர் கொதித்தார்கள். கொதித்ததில் பாதி நியாயம் உண்டு. ஆனால் தடையின் அடிப்படை சரி. நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றி, மின்சாரத்தைக் கொட்டிக் கொண்டுவரும் காவிரியைப் பசலைக்கு ஊற்றுவதைக் கீரையின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கொண்டுவந்த பிறகும் இதுதான் நிலை.

மழை இருக்கிறதே. பெங்களூரில் ஆண்டுக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் பெய்கிறது. அறுநூறு சதுர அடிக் கூரையில் அது ஐம்பதாயிரம் லிட்டருக்கும் மேல். ஐந்தில் ஒரு பங்கு வழியில் போனாலும் நாற்பதாயிரம் மிச்சம். வாரியம் 2009-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, பழைய கட்டிடங்களில் நாற்பதுக்கு அறுபது மனையையும் அதற்கு மேற்பட்டவற்றையும்தான் வளைத்தது. பேட்டையின் சின்ன மனைகள் தப்பின. பதினைந்து, இருபது தொட்டிக்கு வெயில் காலத்தில் நாளைக்கு இருபது லிட்டர் போதும். ஜனவரி முதல் மார்ச் வரை மழையில்லாத தொண்ணூறு நாளைக்கு 1,800 லிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு. அரிசி களைந்த தண்ணீரையும் காய் கழுவிய தண்ணீரையும் தயங்காமல் ஊற்றலாம். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் நீரில் கவனம் வேண்டும்: காவிரி நீரிலிருந்து வந்தால் பெரும்பாலும் பரவாயில்லை, போர்வெல்லிலிருந்து வந்தால் உப்பு ஏறி இலை ஓரம் கருகும். துணி துவைத்த தண்ணீரைக் கீரைக்குக் காட்டவே வேண்டாம்.

உரத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மண்டூரில் மலையாகக் குவிந்த பெங்களூரின் குப்பை அந்த ஊர் மக்களின் போராட்டத்தால் 2014-இல் நின்றது. அடுத்த வருடம் உயர்நீதிமன்றம் ஈரக்கழிவையும் உலர்கழிவையும் வீட்டிலேயே பிரிக்கச் சொன்னது. 2006-இல் பூனம் பீர் கஸ்தூரி இதே ஊரில் தொடங்கிய டெய்லி டம்ப் நிறுவனத்தின் மண்பானை அடுக்கு இன்று பல வீட்டுப் பால்கனிகளில் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் பி.என். விஸ்வநாத்தின் முயற்சியில் 2011 முதல் நடக்கும் "ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா" சந்தைகள், மட்கு எரு போடுவதை ஐ.டி. ஊழியர்களின் ஞாயிற்றுக்கிழமை வேலையாகவே ஆக்கிவிட்டன. பிரேசர் டவுனில் மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. எலிக்குப் பயந்து பிறந்த பேட்டை இது. உணவகக் கழிவுக்குப் பழகிய பெருச்சாளிகள் இங்கே கொழுத்துத் திரிகின்றன. எலும்பும் சோறும் எண்ணெயும் எருப் பானைக்குள் போகக் கூடாது. மூடியும் துளையும் இரும்பு வலையால் அடைபட்டிருக்க வேண்டும். அதைச் செய்யாதவரின் மாடித் தோட்டம் பக்கத்து வீட்டாருக்குத் தொல்லை.

இனி அடுப்பு. பறித்துப் பத்து நிமிடத்தில் சட்டிக்குப் போகும் கீரைக்கு உள்ள ருசி வேறு. அதைக் கெடுக்கவும் நமக்குத் தெரியும். குக்கரில் நாலு விசில் விட்டு, நிறம் போய்விட்டதே என்று ஆப்ப சோடா தூவுவது பல வீடுகளில் நடக்கிறது. சோடா நிறத்தைக் காப்பாற்றி, தயமினையும் வைட்டமின் சி-யையும் கொன்றுவிடும். கீரையை மூடாமல் வேகவை என்று சொன்ன மாமியார்களுக்கு வேதியியல் தெரியாது, ஆனால் சொன்னது சரி. வெந்நீர் பட்டதும் இலையிலிருந்து அமிலங்கள் வெளியேறுகின்றன. மூடி இருந்தால் ஆவி திரும்பச் சட்டிக்குள் சொட்டி, பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் மெக்னீசியத்தைக் கழற்றி எறிகிறது, இலை பழுப்பாகிறது. திறந்து வைத்தால் அமிலம் ஆவியோடு போய்விடும். அகலச் சட்டி, கொஞ்சம் தண்ணீர், ஐந்து நிமிடம், மத்தால் கடைதல். வேறு மந்திரம் இல்லை.

கன்னடச் சமையலில் இதைவிடக் கெட்டியான ஒரு யோசனை இருக்கிறது, பஸ்ஸாரு. துவரம்பருப்போ தட்டைப்பயறோ அரைவேக்காடாக இருக்கும்போது கீரையைச் சேர்த்து வேகவைத்து வடிக்கிறார்கள். வடித்த தண்ணீரில் வறுத்து அரைத்த மிளகாய், தனியா, சீரகம், பூண்டு, தேங்காய், புளி சேர்த்தால் சாறு. வடிந்து நின்ற கீரையையும் பருப்பையும் தாளித்துத் தேங்காய் தூவினால் பல்யா. ராகி முத்தையோடு இரண்டும் இலைக்கு வருகின்றன. தண்ணீரில் கரைந்துபோகும் பி வைட்டமின்களும் தாதுக்களும் சிந்தாமல் வீட்டுக்குள்ளேயே நிற்கின்றன. கீரை வடித்த தண்ணீரைக் கழுவுதொட்டியில் கொட்டும் தமிழ் வீடுகள் பஸ்ஸாருவிடம் கற்றுக்கொள்ளலாம். தண்டுக்கீரைக்கு இது அபாரமாகப் பொருந்தும். பாதி முருங்கை, பாதி பசலை என்று மாடியில் கிடைத்ததைக் கலந்தாலும் குற்றமில்லை.

மணத்தக்காளிக்குப் பாசிப்பருப்பும் தேங்காய்ப் பாலும். கசப்பை மறைக்கப் பார்க்காமல் கசப்போடு சாப்பிட வேண்டும். கற்பூரவல்லியையோ வல்லாரையையோ நெய்யில் வதக்கி, மிளகு சீரகம் தேங்காயோடு அரைத்து மோரில் கலக்கினால் தம்புளி. ஏப்ரல் வெயிலுக்கு இதற்கு ஈடு இல்லை. யாழ்ப்பாணத்தார் முருங்கை இலையைத் தேங்காய்ப்பூவோடு வறையாக்குவார்கள். அடுப்பில் மூன்று நிமிடத்துக்கு மேல் வைத்தால் வறை கெட்டது.

கீரை சைவக்காரர்களின் தனிச்சொத்து என்ற எண்ணம் பிரேசர் டவுனில் எடுபடாது. இங்குள்ள தக்காணி முஸ்லிம் வீடுகளில் புளிச்சக்கீரையும் சுக்காங்கீரையும் ஆட்டுக்கறியோடு சேர்ந்துதான் கொதிக்கின்றன. கீமாவுக்கு மெந்தியம் இல்லாமல் முடியாது. மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு வந்த காலத்திலிருந்து கன்டோன்மென்ட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் முருங்கைக்கீரையும் கருவாடும் பழைய கூட்டாளிகள். இரும்புச்சத்துக் கணக்கிலும் இது நல்ல சேர்க்கை. இறைச்சியும் எலுமிச்சையும் கீரையின் இரும்பை உடம்பில் ஒட்டவைக்கும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் சாயா அதைத் தட்டிவிடும். மாஸ்க் ரோட்டுச் சுலைமானியை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

வாட்ஸ்அப்பில் கீரை மருந்தாகிவிடும்போது மட்டும் கொஞ்சம் பயப்பட வேண்டும். "மல்டிவைட்டமின் செடி" என்று நர்சரிகளில் விற்கும் தவசிக்கீரையை எல்லோரும் தொட்டியில் வைத்திருக்கிறார்கள். பொரியலாகச் சாப்பிடத் தோதான கீரைதான். ஆனால் 1994-95-இல் தைவானில் உடல் இளைக்கும் என்று நம்பி அதைப் பச்சையாகச் சாறு பிழிந்து தினமும் குடித்த இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் நுரையீரலின் சிறு குழாய்கள் அடைபட்டு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், சிலர் பிழைக்கவில்லை. வேகவைத்து, அளவோடு, வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை.

மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்திருக்கும் இந்த நேரத்தில், வார்டு அளவில் செய்யக்கூடியவை சில உண்டு. சொத்துவரியில் மழைத்தொட்டிக்கு ஒரு சிறு கழிவு. சின்ன மனைகளுக்கும் சேர்த்து ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு மானியம். தமிழ்நாடு அரசு 2013-இல் சென்னைக்கும் கோவைக்கும் மானிய விலையில் மாடித்தோட்டப் பெட்டி கொடுத்தது. பை, விதை, நார்க்கழிவு எல்லாம் இருந்த அந்தப் பெட்டியோடு தண்ணீருக்கு ஒரு தொட்டியும் வைத்திருந்தால் கோடையில் பல பைகள் காய்ந்திருக்காது. பூங்காக்களில் மூலைக்கு ஒரு முருங்கையும் வேலியில் பசலையும் வைத்து, வேண்டியவர் கிள்ளிக்கொள்ளலாம் என்று பலகை மாட்டினால், மாடி இல்லாதவருக்கும் கீரை கிடைக்கும். குரோட்டன்ஸுக்குச் செலவாகும் அதே பணம்தான். வண்டிக்காரர்களைத் தெருவோர ஆக்கிரமிப்பு என்ற பெயரால் விரட்டாமல், நிழலும் குடிக்கவும் தெளிக்கவும் தண்ணீரும் உள்ள ஓரிடத்தை வார்டுக்கு ஒன்றாக ஒதுக்கினால் பாலக்கையும் மெந்தியத்தையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். குடியிருப்போர் சங்கங்கள் செய்ய வேண்டியதற்குச் செலவே இல்லை. அடுத்த பொதுக்குழுவில் மாடிச் சாவியை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும். முருங்கைப் போத்து ஊன்ற ஜூன் முதல் மழை தோதான நேரம் என்பதால், கூட்டத்தை மே மாதத்திலேயே வைத்துவிடுவது நல்லது.